குட்டியின் வாயில் தடவிய தேன்

ஊலாத் யம்மூர்
ஏப்ரல் 6, 1998

என் ஈரக்குலையே மிலூதுக்கு,

உன் பாட்டி யம்னாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. அது மழை வருமுன்னே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரபாத்தில் ரொட்டி உமி மாதிரி இருக்கும் என்கிறார்கள்.

முதலில் நல்ல செய்திகள். உன் தங்கை ஸுஹூர் பள்ளியில் கணக்கில் முதல். ஜூனில் ரபாத்தில் நடக்கும் போட்டிக்கு அவளைத்தான் அனுப்புகிறார்கள். உன் சித்தப்பா மகன் ஹம்மாதி பேருந்து ஓட்டும் உரிமம் வாங்கிவிட்டான். நம் வீட்டுச் சின்னவன் குர்ஆனில் பாதியை மனப்பாடமாகச் சொல்கிறான், மீதிப் பாதியில் தூங்கிவிடுகிறான். எல்லோருக்கும் மேலே ரபாத்தில் கால்நடை டாக்டருக்குப் படிக்கிற நீ. இந்தப் பக்கத்து நான்கு கிராமங்களில் வெள்ளைக் கோட்டுப் போட்டவன் நீ ஒருவன்தான். உன் படம் நடு அறையில் தாத்தாவின் துப்பாக்கிக்குக் கீழே தொங்குகிறது. வருகிறவர்கள் துப்பாக்கியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, உன்னைப் பார்க்க வைக்காமல் நான் தேநீர் ஊற்றுவதில்லை.

இப்போது கெட்டது. நம் பெண்குதிரை ஷஹ்பா ஜனவரியில் போட்ட குட்டி இருமுகிறது. விலா எலும்பு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது. ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர் போகிற போக்கில் பென்சிலின் போட்டுவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குட்டி வளர்ந்து திருவிழாவில் துப்பாக்கி வெடித்தபடி பாயும் நம் வெடிக் குதிரை வரிசையில் நடுவில் ஓட வேண்டும் என்பது உன் அப்பாவின் கனவு. தாத்தா ஓட்டிய குதிரையின் கடைசி வாரிசு அது. உன் அப்பா இரவும் பகலும் லாயத்திலேயே கிடக்கிறான். "டாக்டர் வேணாம், என் மகன் சொல்லட்டும்" என்கிறான்.

சீக்கிரம் எழுது.
உன் பாட்டி யம்னா


ஏப்ரல் 18, 1998

அன்புள்ள பாட்டிக்கு,

ஸலாம். நான் நலம். உங்கள் முழங்காலுக்குச் சூடான ஆலிவ் எண்ணெய் தேயுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் முத்தங்கள்.

நீங்கள் எழுதிய வயது, இருமல், விலா ஏறி இறங்குவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நுரையீரலில் சீழ்க்கட்டி. புழுதியோடு மூக்கில் போகிற கிருமி. அது உடம்பின் காவல் அணுக்களுக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். பென்சிலினால் அங்கே நுழைய முடியாது. அதனால்தான் ஊசி கேட்கவில்லை. உள்ளே நுழைகிற மருந்து இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும்.

எரித்ரோமைசின் ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை. ரிஃபாம்பிசின் முந்நூறு மில்லிகிராம் காப்ஸ்யூல். குட்டி நூற்றிருபது கிலோ இருக்கும் என்று வைத்து எழுதுகிறேன். முதல் மருந்து வேளைக்கு ஆறு, நாளைக்கு மூன்று வேளை. இரண்டாவது காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. மாவு மில் தராசில் நிறுத்துவிட்டு ஆரம்பியுங்கள். கூடக் குறைய இருந்தால் மருந்தும் அதே போல. இருமல் நின்றாலும் நிறுத்தக் கூடாது. ஒரு மாதமாவது ஓட வேண்டும்.

மருந்து கசக்கும். பொடித்துத் தேனில் குழைத்து நாக்கிலும் உதட்டிலும் தடவுங்கள், எனக்குச் சின்ன வயதில் கொடுத்த மாதிரி. மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வெயிலில் கட்டாதீர்கள். இந்த மருந்து உள்ளே இருக்கும்போது குட்டிக்கு உடம்பு கொதித்துவிடும். முக்கியமாக ஒன்று: இதைப் பெரிய குதிரைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சித்தப்பாவின் குதிரை இருமினாலும் கூடாது. பெரிய குதிரையின் குடல் இதைத் தாங்காது.

உங்கள் கைகளை முத்தமிடும்
மிலூத்


ஊலாத் யம்மூர்
மே 2, 1998

டாக்டர் மிலூதுக்கு,

பாட்டியின் ஸலாமும் ஆயிரம் துஆவும். நாங்கள் சுகம். உன் உறையில் காஸாபிளாங்கா முத்திரை இருக்கிறதே என்று தபால்காரன் கேட்டான். "பெரிய டாக்டருங்க ஒரு ஊர்லயேவா இருப்பாங்க?" என்று அவன் வாயை அடைத்தேன்.

உன் மருந்தை வாங்கச் சந்தை ஊருக்கு நானே போனேன். மருந்துக் கடை ஸி தெஹாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லல்லா யம்னா, ஒரு நாளைக்குப் பதினெட்டா? யாருக்கு, ஒட்டகத்துக்கா?"

"குதிரைக் குட்டிக்கு. என் பேரன் எழுதியிருக்கான்."

"டாக்டர் முத்திரை இல்லாம குடுத்தா எனக்கு வில்லங்கம் வரும், தாயி. ரெண்டு வாரம் பொறுங்க, டாக்டர் வருவாரு."

"ரெண்டு வாரத்துல குட்டி செத்துரும். அப்புறம் முத்திரையை அதோட கழுத்துல கட்டவா?"

சொல்லிவிட்டு, மடியில் வைத்திருந்த உன் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஆமாம், சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுதான் போனேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய். அவர் வெகுநேரம் பார்த்தார். "சரி, பையன் முகத்துக்காக" என்று எடுத்துக் கொடுத்தார். மில் தராசில் குட்டி நூற்றுப் பதினெட்டு கிலோ. பார்க்காமலே சொல்லிவிட்டாயே! மில்காரன் வாயைப் பிளந்தான்.

மறுநாள் மூத்திரம் சிவப்பாகப் போனது. உன் அம்மா "ரத்தம், ரத்தம்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். உன் கடிதத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. குட்டியின் இருமல் பாதியாகிவிட்டது. நேற்று வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடியது. நிழலில்தான் கட்டியிருக்கிறோம். பெரிய குதிரை எதற்கும் ஒரு மாத்திரை கூடக் கொடுக்கவில்லை, நீ சொன்னபடியே.

ஒரு வேடிக்கை கேள். நம் வீட்டில் பால்குடிக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டுவதில்லை, உனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கயிற்றில்தான். நான் தேனைத் தடவி முடிப்பதற்குள் ஷஹ்பா வந்துவிடுகிறாள். குட்டியின் உதடு, தாடை, என் விரல் வரை நக்கித் துடைத்துவிட்டுத்தான் விலகுவாள். ஒவ்வொரு வேளையும் இதே கதை. பெற்றவள் நாக்கே பாதி மருந்து என்று உன் அப்பா சொல்லிச் சிரிக்கிறான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

இந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று உடனே எழுது.
யம்னா


ஊலாத் யம்மூர்
மே 12, 1998

மிலூத்,

ஸலாம். நீ சுகமா? பதில் ஏன் இல்லை?

குட்டிக்குக் குறைவில்லை. ஷஹ்பாவுக்குத்தான். நேற்று காலை பார்லியைத் தொடவில்லை. மத்தியானத்திலிருந்து தண்ணீராகப் போகிறது, கரும்பச்சையாக. அந்த நாற்றத்தை நான் இந்த வயது வரை முகர்ந்ததில்லை. ஈறு செங்கல் நிறமாகிவிட்டது. நிற்க முடியாமல் சுவரில் சாய்கிறாள். அப்படியும் குட்டி வந்தால் காலை அகட்டிப் பால் கொடுக்கிறாள்.

சீரகமும் வறுத்த மாவும் கரைத்து ஊற்றினோம். ஆட்டு டாக்டர் மலைப் பக்கம் போயிருக்கிறாராம். சித்தப்பா கழுதை மேல் ஆள் அனுப்பியிருக்கிறார். உன் அப்பா வாசலில் நின்று தபால்காரன் வரும் பாதையையே பார்க்கிறான். "மிலூது எழுதுவான், மிலூது எழுதுவான்" என்கிறான்.

இந்தக் கடிதத்தை ஹம்மாதியின் பேருந்திலேயே கொடுத்து அனுப்புகிறேன். உன் விடுதி வாசலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். என்ன கொடுக்க வேண்டும்? ஒரு வரி போதும்.

யம்னா


தந்தி
காஸாபிளாங்கா, மே 17

தாயையும் குட்டியையும் உடனே பிரிக்கவும். குட்டி வாய் வாளி கயிறு எதையும் தாய் நக்கக் கூடாது. டாக்டரைக் கூப்பிடவும். மிலூத்.


ஊலாத் யம்மூர்
மே 20, 1998

அன்புள்ள மிலூதுக்கு,

பாட்டியின் ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தந்தி வந்தபோது ஷஹ்பாவைப் புதைத்த மண் காய்ந்துவிட்டிருந்தது. பதிமூன்றாம் தேதி விடிகாலையில் போய்ச் சேர்ந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது குட்டி, செத்துக் கிடந்த தாயின் மடியை முட்டி முட்டிச் சப்பிக்கொண்டிருந்தது. உன் அப்பா அதை இழுத்துப் பிரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குட்டியை வாளியில் பசும்பால் குடிக்கப் பழக்குகிறோம். மருந்து நிற்கவில்லை, நீ சொன்னபடி. இப்போது துடைக்க நாக்கு இல்லாததால் அதன் முகமெல்லாம் தேன் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. ஈ மொய்க்கிறது. நான் ஈரத்துணியால் துடைக்கிறேன். அதற்கு அது போதவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகக் கேள். வியாழக்கிழமைச் சந்தையில் உன் அப்பா கையில் கழியோடு ஸி தெஹாமி கடைக்குப் போய்விட்டான்.

"என் குதிரையக் கொன்னுட்டு உக்காந்து கல்லாவப் பாக்குறியா?"

"புஷைப், நான் குட்டிக்குல்ல குடுத்தேன்! குட்டி உசிரோடதானே இருக்கு?"

"நீ குடுத்த விஷம் என் வீட்டுக்குள்ள வந்துச்சு, என் குதிரை செத்துச்சு. வேற என்னடா வேணும்?"

நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். ஆனால் இப்போது சந்தை முழுவதும் அதே பேச்சு. "அவன்கிட்ட பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்காதே" என்கிறார்கள்.

உன் தந்தியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் பலமுறை படித்தேன். என்ன நடந்தது என்று உன் அப்பாவுக்கு நீயே எழுது. அவன் உன் வார்த்தையை மட்டும்தான் நம்புவான்.

யம்னா


ஜூன் 9, 1998

அன்புள்ள பாட்டிக்கும் அப்பாவுக்கும்,

ஸலாம். நான் நலம். தேர்வுகள் நெருங்கிவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. செய்முறைப் பயிற்சிக்காக அடிக்கடி காஸாபிளாங்கா போக வேண்டியிருக்கிறது. இங்கே நல்ல வெயில். கடற்காற்று இருப்பதால் பரவாயில்லை.

ஷஹ்பாவின் செய்தி கேட்டு மிகவும் வருந்தினேன். குதிரைக்கு இப்படி வயிறு போவதற்குக் காரணங்கள் பல உண்டு. இளம் பச்சைப் புல், தண்ணீர், வெப்பம். சில சிறு கடைகளில் மருந்து பழையதாகவும் இருக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அல்லாஹ் எழுதியது.

குட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஸுஹூருக்கு என் வாழ்த்து.

உங்கள்
மிலூத்


ஊலாத் யம்மூர்
ஜூன் 24, 1998

மிலூதுக்கு,

பாட்டியின் ஸலாம். இந்தக் கடிதம் உனக்குச் சீக்கிரம் வரும். மேல் விலாசத்தைப் பார்த்திருப்பாய். மீன் துறைமுகம், நாலாம் நம்பர் பனிக்கட்டிக் கிடங்கு.

ஸுஹூர் போட்டிக்கு ரபாத் போனவள் அண்ணனுக்கு என்று நான் கொடுத்த எள் உருண்டையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். உன் அறையில் வேறு பிள்ளை இருந்தான். நல்ல பிள்ளை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இந்த விலாசத்தையும் எழுதிக் கொடுத்தானாம். உனக்கு வரும் கடிதங்களை வாசல்காரன் ஒரு பெட்டியில் போட்டு வைப்பானாம், யாராவது காஸாபிளாங்கா போகும்போது எடுத்துப் போய்க் கொடுப்பார்களாம். ஷஹ்பா நக்குகிறாள் என்று நான் சிரித்து எழுதினேனே, அந்தக் கடிதமும் அந்தப் பெட்டியில்தான் கிடந்திருக்கிறது. ஹம்மாதி கொண்டு போனதும் அதிலேயே.

ஸுஹூர் எள் உருண்டையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். போட்டியில் பரிசு இல்லை. கையே ஓடவில்லை என்கிறாள். வீட்டில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

நீ ஏன் அங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மீன் தூக்குகிறவனும் சாப்பிடத்தான் தூக்குகிறான். நான் கேட்பது வேறு.

"மருந்து பழையதாக இருக்கலாம்" என்று எழுதினாயே, அந்த வரியை உன் அப்பா காபிக் கடையில் உரக்கப் படித்தான். "பாத்துக்குங்க, டாக்டர் எழுதியிருக்கான்" என்று. அன்று சாயங்காலம் ஸி தெஹாமி கடைக் கதவில் கல் விழுந்தது. முத்திரை இல்லாமல் மருந்து விற்றார் என்று யாரோ அதிகாரிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி கிணற்றடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

நான் தந்தியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவரிடம் போனேன். படித்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பையனுக்குத் தெரிஞ்சிருக்கு, லல்லா யம்னா" என்றார். "தெரிஞ்சவன் சொன்னா என் கதவு தெறக்கும். நீங்க சொன்னா, பேரனுக்காகக் கிழவி ஏதோ ஒளறுதுன்னுவாங்க."

அவர் கொடுத்தது உன் படத்தை நம்பி. அதை அவர் மேசைமேல் வைத்தது என் கை. எழுது, மிலூத். உன் அப்பாவுக்கு அல்ல, சந்தையில் படிக்கிற மாதிரி எழுது.

யம்னா


காஸாபிளாங்கா
ஜூலை 3, 1998

பாட்டி,

ஸலாம். இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். கீழே இருப்பதைச் சந்தையில் படிக்கச் சொல்லுங்கள்.

ஊலாத் யம்மூர்க்காரர்களுக்கு, புஷைபின் மகன் மிலூத் எழுதுவது. ஸி தெஹாமி கொடுத்தது நல்ல மருந்து. அதனால்தான் குட்டி பிழைத்தது. அதே மருந்து பெரிய குதிரையின் குடலில் சிறிதளவு போனாலும் கொல்லும். குட்டியின் வாயிலிருந்து தாய் நக்குவாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. தாயைத் தனியே கட்டச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நான் டாக்டர் அல்ல. மூன்றாம் ஆண்டில் இரண்டு முறை தோற்று வெளியே வந்தவன். பாட்டியின் கடிதம் என் கைக்கு நேரத்தோடு வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது நேரத்தோடு வராதபடி செய்தவனும் நான்தான்.

அப்பாவுக்குத் தனியாக எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

மிலூத்


ஊலாத் யம்மூர்
ஜூலை 18, 1998

என் மிலூதுக்கு,

பாட்டியின் ஸலாம். பனிக்கட்டியில் நிற்கிறவன் காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழன் சந்தைக்கு நானும் ஸுஹூரும் உன் அப்பாவும் போனோம். ஸி தெஹாமியின் கதவு சாத்தியிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமையே லாரியில் சாமான் ஏற்றி, மனைவியின் ஊர்ப் பக்கம் போய்விட்டாராம். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லவில்லை. கதவில் இருந்த, மருந்துக் கடை அடையாளமான பச்சைப் பிறை விளக்கைக் கூடக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்.

ஸுஹூரைச் சாத்திய கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னேன். கூட்டம் கூடியது. மில்காரன் இருந்தான், தபால்காரன் இருந்தான். அவள் குரல் நடுங்காமல் கடைசி வரை படித்தாள். முடிந்ததும் ஒருவன், "அப்போ இனிமே மருந்துக்கு எங்கப்பா போறது?" என்றான். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

உன் அப்பா கையிலிருந்த கழியைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் லாயத்துக்குப் போய்க் குட்டியின் முகத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்து, "பால் குடிச்சிருக்கு" என்றான். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை. அவனை அவசரப்படுத்தாதே.

குட்டிக்கு மருந்து முடிந்தது. மூச்சு சத்தமில்லாமல் போகிறது. வெள்ளையாடு, கழுதை, என் பாவாடை, எது பக்கத்தில் வந்தாலும் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

வெள்ளைக் கோட்டுப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை. மாவுப் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் துப்பாக்கிக்குக் கீழே சுண்ணாம்பு அந்த அளவுக்குப் புதுசாகத் தெரிகிறது. வருகிறவர்கள் கண் அங்கேதான் போகிறது, அப்புறம் என் முகத்துக்கு வருகிறது. தேநீரை ஊற்றிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அதனால் ஒன்று செய். நீ வேலை செய்யும் இடத்தில், அந்தக் கிடங்கு வாசலில், யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல். குளித்துவிட்டு எடுக்காதே. யாருடைய சட்டையையும் வாங்கிப் போடாதே. செதில் ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும். எடுத்துத் தபாலில் போட்டு அனுப்பு. ஆணி சுவரிலேயே இருக்கிறது.

யம்னா